பழைய ஃபைபர் வள்ளத்தில் "மெத்து": அழுத்தினால் அமுங்குவது எதனால், எப்படிக் கண்டுபிடிப்பது?

கச்சான் காற்று வலுத்து அலை கரையேறி வருகிற ஆனி, ஆடியில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று எந்தக் கரைக்குப் போனாலும் வள்ளங்கள் மேட்டில் ஏறிக் கிடக்கும். பழைய வள்ளம் பார்க்க ஆள் வருவதும் அப்போதுதான். வந்தவர் அடிப்பக்கத்தில் கையை வைத்து அழுத்துவார், ஓர் இடம் கொஞ்சம் உள்ளே போகும். "இங்க மெத்துன்னு இருக்கே அண்ணாச்சி" என்பார். "ஃபைபர்னா கொடுத்து வாங்கத்தான் செய்யும்" என்பார் விற்கிறவர். கூட நிற்கிற ஒருவர் "தண்ணி குடிச்சிட்டு" என்பார், இன்னொருவர் "ரெண்டு மேட்டு ஒட்டினா சரியாப் போயிரும்" என்பார், மேட்டு என்றால் மேட், ஒட்டுப்போடுகிற இழை விரிப்பு.

இந்தப் பேச்சு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வள்ளத்துக்குச் சரிதான். எதிரில் கிடக்கிற வள்ளத்துக்கு எது சரி என்று பார்க்காமலே பேசுகிறோம், அங்கேதான் தப்பு நடக்கிறது. ஒரே மாதிரி அமுங்குகிற இடத்துக்கு நாலைந்து காரணம் இருக்கலாம். சிலதால் ஒன்றுமே ஆகாது, சிலது நடுக்கடலில் உயிரைக் கேட்கும்.

என் மச்சான் ஒருவன் இப்படித்தான் ஒரு பழைய வள்ளம் வாங்கினான். பின்பக்கம், எஞ்சின் மாட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் மெத்து. மேலே மேட் ஒட்டினோம், 8 மாதத்தில் திரும்ப வந்தது. மறுபடி ஒட்டினோம், மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை கிரைண்டர் வைத்து வெட்டித் திறந்தபோது உள்ளே இருந்த பிளைவுட் ஊறின தேயிலைத் தூள் மாதிரி கையோடு வந்தது. ஒட்டின ரெசின் காசு போனது போகட்டும், அந்த இரண்டு வருடமும் அவன் அதே வள்ளத்தில்தான் கடலுக்குப் போய் வந்தான் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும். அதனால்தான் இதை அடியிலிருந்து சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

## ஃபைபர் என்று நாம் சொல்வது எதை?

ஒரு பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கோரையை இழுத்தால் லேசில் அறாது, ஆனால் பாயைச் சுருட்டலாம், மடக்கலாம். அதே பாயைக் கெட்டியான கஞ்சியில் முக்கி வெயிலில் போட்டால் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். வள்ளத்தின் உடம்பும் இதே கதைதான். கோரைக்குப் பதில், கண்ணாடியை உருக்கி இழுத்த மெல்லிய இழை. கஞ்சிக்குப் பதில் ரெசின், அதாவது கேட்டலிஸ்ட் என்கிற மருந்தைச் சேர்த்ததும் சூடாகிக் கெட்டிப்படுகிற ஒரு பிசின். ரெசின் "காய்கிறது" என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் ஈரம் போய்க் காய்வது வேறு, இது உள்ளுக்குள்ளேயே வினை நடந்து இறுகுவது. மருந்து அளவு குறைந்தால் எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் முழுசாக இறுகாது.

இழை இரண்டு வடிவத்தில் வரும். துண்டு இழைகளைத் தாறுமாறாகப் பரப்பி ஒட்டிய விரிப்பு மேட். குறுக்கும் நெடுக்கும் பாய் போலப் பின்னியது ரோவிங். அச்சில் முதலில் நிறம் கலந்த வழவழப்பான பூச்சு ஒன்றைப் பூசுவார்கள், அது ஜெல்கோட். அதன்மேல் மேட், ரோவிங், மேட் என்று ரெசினில் நனைத்து அடுக்குவார்கள். எல்லாம் சேர்ந்து இறுகிய தட்டுக்கு லேமினேட் என்று பெயர்.

"ஃபைபர் மக்காது" என்பது இந்தக் கண்ணாடி இழைக்கு உண்மை. ஆனால் வள்ளத்தில் கண்ணாடியும் ரெசினும் மட்டுமா இருக்கிறது? பின்பலகைக்குள் பிளைவுட், மேல்தட்டுக்குள் பிளைவுட், ரிப்பு என்கிற உள்தாங்கிகளுக்குள் மரமோ ஃபோமோ, மிதப்புப் பெட்டிக்குள் தெர்மாகோல். மக்குவதும் ஊறுவதும் இவைதான்.

## விறைப்பு எங்கே இருந்து வருகிறது?

மெத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வளையுங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓரம் படிக்கட்டு மாதிரி ஆகும், சுலபமாக வளையும். இப்போது ஒவ்வொரு தாளுக்கும் பசை தடவி ஒட்டிக் காயவைத்து வளைத்துப் பாருங்கள். அதே தாள்தான், கனமும் ஏறக்குறைய அதேதான், ஆனால் பலகையாகிவிட்டது. தாள்கள் வழுக்க முடியாமல் போனதால் வந்த விறைப்பு அது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. தட்டின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, 8 மடங்கு ஆகும். திருப்பிச் சொன்னால், 6 மி.மீ. கனமுள்ள லேமினேட் நடுவில் பிரிந்து இரண்டு 3 மி.மீ. தட்டாகிவிட்டால், ஒவ்வொன்றின் விறைப்பும் பழையதில் எட்டில் ஒரு பங்குதான். இரண்டையும் கூட்டினாலும் கால் பங்குதான் மிஞ்சும். பொருள் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் விறைப்பில் முக்கால் போய்விட்டது. கை வைத்தால் மெத்தென்று இருப்பது இதனால்தான்.

இனி பனைமரத்துக்கு வருவோம். முற்றிய பனையை அறுத்தால் வெளிப்பக்கம் கறுத்து வைரம் பாய்ந்திருக்கும், நடுவில் சோறு. பாரம் தாங்குவது பெரும்பாலும் வெளிவைரம். மெல்லிய இரண்டு லேமினேட்டுக்கு நடுவே இலேசான ஒரு பொருளை வைத்து ஒட்டுவதும் இந்த முறைதான். அந்த நடுப்பொருளுக்குக் கோர் என்று பெயர், நம் பக்கம் அது பெரும்பாலும் பிளைவுட் அல்லது ஃபோம். ஒரு லேமினேட்டை இரண்டாகப் பிரித்து, மொத்த கனம் முன்னைப்போல் இரண்டு மடங்கு வருகிறபடி நடுவில் கோர் வைத்தால் விறைப்பு சுமார் 7 மடங்கு ஏறும், எடை கொஞ்சம்தான் கூடும். ஆனால் இதெல்லாம் கோர் இரண்டு தட்டையும் இறுகப் பிடித்து, வழுக்க விடாமல் வைத்திருக்கிற வரைக்கும்தான். கோர் ஊறிக் கூழானால் அந்த 7 மடங்கு போய், மேலே சொன்ன கால் பங்கில் வந்து நிற்கும். அதாவது ஏறக்குறைய 28-ல் ஒரு பங்கு. கோர் போன இடம் கால் வைத்ததும் பொதுக்கென்று இறங்குவது இதனால்தான்.

இதுவரை சொன்னது: அடுக்குகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஒரே தட்டாக வேலை செய்வதுதான் விறைப்பு. அந்தப் பிடி எங்கே விட்டதோ அங்கே மெத்து.

## மெத்துக்கு என்னென்ன காரணம்?

முதலில் ஆபத்தில்லாததைச் சொல்லிவிடுகிறேன். நம் வள்ளங்களில் பக்கச் சுவர் பெரும்பாலும் கோர் இல்லாத ஒற்றை லேமினேட்தான். இரண்டு ரிப்புக்கு நடுவில் அகலமான இடத்தில் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், கையை எடுத்ததும் டக்கென்று திரும்பும். விற்கிறவர் சொன்ன "கொடுத்து வாங்கும்" இதுதான், இது வியாதி இல்லை. கட்டும்போதே இழையில் மிச்சம் பிடித்து மெல்லிசாகக் கட்டிய வள்ளமும் இப்படித்தான் அமுங்கும், ஆனால் அது ஓர் இடத்தில் மட்டும் இருக்காது, உடம்பு முழுக்க இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஃபைபர் வள்ளங்கள் மளமளவென்று பெருகின. அவசரத்தில் கட்டியதில் நல்லதும் வந்தது, மெல்லிசும் வந்தது.

அடுத்தது அடுக்குப் பிரிவு. டிலேமினேஷன் என்பது இதைத்தான். லேமினேட்டின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுவிடும். கட்டும்போது ஓர் அடுக்கு நன்றாக இறுகிய பிறகு, தூசி துடைக்காமல், தேய்க்காமல் அடுத்த அடுக்கைப் போட்டிருந்தால் அந்த இடம் முதலிலிருந்தே பலவீனம். அதன்பிறகு நம் கரையின் வேலை. துறைமுகம் இல்லாத கரையில் வள்ளம் ஒவ்வொரு நாளும் அலையோடு வந்து மணலில் முட்டித்தான் ஏறுகிறது, சில ஊர்களில் டிராக்டர் வைத்து இழுக்கிறார்கள். இந்த அடி முழுக்க அணியத்துக்கு, அதாவது முன்முனைக்குக் கீழேயும் அடிமுதுகிலும் விழும். பாறையில் ஒரு தடவை மோதினாலே ஜெல்கோட்டில் சின்ன விரிசல் மட்டும் வெளியே தெரிய, உள்ளே கை அகலத்துக்கு அடுக்கு பிரிந்திருக்கலாம்.

மூன்றாவது, என் மச்சானுக்கு நடந்தது: கோர் ஊறுவது. தண்ணீர் லேமினேட்டைத் துளைத்துக்கொண்டு போவதில்லை, நாம் போட்ட ஓட்டை வழியாகப் போகிறது. எஞ்சின் போல்ட், வளையம் மாட்டிய ஸ்க்ரூ, தண்ணீர் வடிகிற துளை இவற்றின் உள்சுவரை ரெசின் வைத்து அடைக்காமல் விட்டால் பிளைவுட் திறந்த வாய்தான். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, மரத்தை வேகமாக மக்கவைப்பது கடல் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். உப்பு, மரத்தைத் தின்கிற பூஞ்சையை ஓரளவு தடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிதுளையின் தக்கையைக் கழற்றாமல், பின்பக்கம் தாழ்ந்தபடி கரையில் கிடக்கிற வள்ளம், தினமும் கடலுக்குப் போகிற வள்ளத்தைவிட மோசமாக மக்கும்.

நான்காவது, ரிப் விடுபடுவது. உள்ளே குறுக்காகவும் நீளவாக்கிலும் ஓடுகிற விலா போன்ற தாங்கிகள்தான் ரிப். இவை அடிச்சுவரோடு லேமினேட்டால் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டு விட்டால் சுவருக்குத் துணை இல்லாமல் போகும், சுவரில் ஒரு குறையும் இல்லாமலே அது அமுங்கும். இந்த வள்ளத்துக்கு வெளியே எத்தனை மேட் ஒட்டினாலும் வீண்.

ரெசின் சரியாக இறுகாமல் போனதாலும் மெத்து வரலாம், நகத்தால் கீறினால் கோடு விழும், மாதக்கணக்கான பிறகும் ரெசின் வாடை அடிக்கும். பழைய வள்ளத்தில் இதை அதிகமும் பார்ப்பது புதிதாக ஒட்டுப்போட்ட இடத்தில்தான். இன்னொன்று, ஜெல்கோட்டில் வரும் கொப்புளத்தையும் மெத்தையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். கொப்புளம் தண்ணீரிலேயே மாதக்கணக்காக மிதந்து கிடக்கிற படகுகளுக்கு வருவது, தினமும் கரையேறுகிற வள்ளத்துக்கு அரிது.

## எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வள்ளத்தை மணலிலிருந்து தூக்கிக் கட்டைகளின்மேல் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கமாகச் சாய்க்கச் சொல்லுங்கள். மணலில் கிடக்கும்போது கீழேயிருந்து மணல் தாங்கும், மெத்து தெரியாது. காலை நேரமே நல்லது. உச்சி வெயிலில், அதுவும் கருநீலம் மாதிரி அடர் நிற வள்ளத்தில், ஃபைபர் சூட்டில் கொஞ்சம் இளகித்தான் இருக்கும், நல்ல இடமும் சந்தேகமாகத் தோன்றும்.

கண்ணால் பார்ப்பது அணியத்தில் நின்று, சுவரோடு ஒட்டிப் பார்வையை ஓடவிட்டு. சாய்ந்து விழுகிற காலை வெயிலில் பள்ளமும் புடைப்பும் நிழலாகத் தெரியும். நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியிலிருந்து விரிகிற விரிசல் இருந்தால் அங்கே அடி விழுந்திருக்கிறது. ஒரே திசையில் பக்கம் பக்கமாக ஓடும் விரிசல் என்றால் அந்த இடம் நாள்கணக்கில் வளைந்து நிமிர்ந்திருக்கிறது, அதற்கு நேர் உள்ளே ரிப்பைப் போய்ப் பாருங்கள். உள்பக்கம் பெயிண்ட் இல்லாமல் இருந்தால் அடிபட்ட லேமினேட் வெளுத்துத் தெரியும். விற்பதற்குமுன் உள்ளே புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், எதற்காக அடித்தீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் கை. உள்ளங்கையால் அழுத்துங்கள், எவ்வளவு போகிறது என்பதோடு எப்படித் திரும்புகிறது என்றும் கவனியுங்கள். இங்கே எனக்கு மிகவும் உதவிய வழி ஒன்று உண்டு. வள்ளத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் கட்டப்பட்டவை. வலப்பக்கம் ஓர் இடம் அமுங்கினால், அணியத்திலிருந்து கையால் முழம் போட்டு அளந்து இடப்பக்கம் அதே இடத்தில் அழுத்துங்கள். இரண்டும் ஒரே மாதிரி அமுங்கினால் கட்டினது அப்படி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

மூன்றாவது காது. கண்ணையும் கையையும்விட நான் நம்புவது இதைத்தான். காருகுறிச்சிப் பானையை வாங்கும்போது நம் அம்மாக்கள் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுப்பார்களே, அதே சோதனை. பழைய கனமான 5 ரூபாய் நாணயமோ ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியோ போதும். நல்ல லேமினேட் "டக் டக்" என்று கூர்மையாகத் திரும்பிச் சொல்லும். அடுக்கு பிரிந்த இடமும் கோர் ஊறிய இடமும் "தொப் தொப்" என்று மழுங்கும், ஏனென்றால் தட்டின் அதிர்வு மறுபக்கம் வரை போகாமல் பிடி விட்ட இடத்திலேயே செத்துவிடுகிறது. நாலு விரல் இடைவெளியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறுகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் புள்ளிகள் ஓர் உருவமாகத் தெரியும். ரிப்புக்கு நேராக ஓடும் கோடு என்றால் அது ரிப்பின் சத்தமாக இருக்கலாம், உள்ளே ரிப்பின் ஒட்டு விடவில்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுங்கில்லாமல் திட்டாக இருந்தால் பிரிவு. ஒரு போல்ட்டைச் சுற்றியோ கீழ்நோக்கி ஒழுகினது மாதிரியோ இருந்தால் ஊறல்.

உள்ளே தெர்மாகோல் பெட்டி இருக்கிற இடத்திலும் சத்தம் மழுங்கும், ஆகவே வள்ளத்தின் உள்ளமைப்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், ரெசின் நேராகப் பட்டால் தெர்மாகோல் உருகிக் குழிந்துவிடும். யாரோ முன்பு அவசரமாக ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பின்னால் வெறும் பொந்து மட்டும் மிஞ்சியிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

சுருக்கமாக: கண் எங்கே தேடுவது என்று காட்டும், கை இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும், காது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எல்லை போடும்.

## பின்பலகையைத் தனியாகப் பாருங்கள்

எஞ்சின் தொங்குகிற பின்பலகைக்கு டிரான்ஸம் என்று பெயர். வள்ளத்தில் தள்ளுவிசை முழுக்க இந்த ஒரு பலகை வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது, உள்ளே பிளைவுட், குறுக்கே போல்ட் ஓட்டைகள். அதாவது மேலே சொன்ன எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில். அவுட்போர்டு எஞ்சின் மாட்டியிருந்தால் அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், இன்னொருவரைப் பலகையின் மேல்விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினோடு சேர்ந்து பலகை வளைந்தாலோ, பலகை அடியோடு சேருகிற மூலையில் விரிசல் வாய் திறந்து மூடினாலோ, உள்ளே பிளைவுட் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். கீழ் போல்ட் ஒன்றைக் கழற்றினால் பழுப்புத் தண்ணீர் வருவதும் உண்டு.

உள்ளே நடக்கும்போது காலுக்குக் கீழ் மெத்தென்று இருந்தால் அது நடைதட்டு, வள்ளத்தின் அடி இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல வள்ளத்தை வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. நடைதட்டை மாற்றுவது சின்ன வேலை.

எடையும் ஒரு சாட்சி. அதே அளவு புது வள்ளத்தை எத்தனை பேர் தள்ளுகிறார்கள், இதை எத்தனை பேர் தள்ளுகிறார்கள் என்று கரையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஃபோமும் பிளைவுட்டும் குடித்த தண்ணீர் எங்கேயும் போவதில்லை, தோளில் ஏறும்.

## மீட்டரும் துளையும்

ஈரம் பார்க்கிற மீட்டர் வைத்திருப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். அது தண்ணீரை நேராகப் பார்ப்பதில்லை, பொருளின் மின்தன்மை மாறுவதைப் பார்க்கிறது. ஆகவே சுவரில் உப்பு படிந்திருந்தாலும், பின்னால் போல்ட்டோ வேறு உலோகமோ இருந்தாலும் அதிகம் காட்டும். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகு, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடத்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் காட்டிய எண்ணை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

கோர் உள்ள இடத்தில் சந்தேகம் தீரவில்லை என்றால் கடைசி வழி துளை. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, உள்பக்கத் தட்டில் மட்டும், வெளித்தட்டைத் தொடாமல், 4 மி.மீ. பிட்டால் மெதுவாக ஒரு துளை. பிட்டோடு வருகிற தூளை உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளுத்த, உலர்ந்த மரத்தூள் வந்தால் கோர் நன்றாக இருக்கிறது. கறுத்து, விரலில் ஒட்டி, மக்கின வாடையோடு வந்தால் ஊறிவிட்டது, சாக்பீஸ் புள்ளிகளின் ஓரத்தில் இன்னொரு துளை போட்டால் எதுவரைக்கும் என்று தெரியும். முடிந்ததும் துளைக்குள் எபாக்ஸி பிசின் நிரப்பி அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீருக்கு நாமே வாசல் வைத்த மாதிரி ஆகிவிடும்.

துளை போட விற்கிறவர் சம்மதிக்காவிட்டால் கோபப்பட ஒன்றும் இல்லை, அது அவருடைய வள்ளம். ஆனால் சத்தம் மழுங்கின அந்தத் திட்டு முழுவதையும் வெட்டியெடுத்துப் புதுக் கோர் வைக்க என்ன செலவு என்று ஃபைபர் வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டு, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். அந்தத் திட்டு பின்பலகையில் இருந்து, அவர் விலையையும் குறைக்கவில்லை என்றால் அடுத்த வள்ளத்தைப் பாருங்கள்.